கொஞ்சம் அரக்கி இருங்கோ

நாலரை அறை வீடு என்கிற கணக்கு இந்தச் சுவிஸ் நாட்டில்தான் நடக்கும். ஆராவுக்குப் பக்கத்தில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்குக் குடிவந்த அன்று, அந்த அரை அறை எங்கே என்று நான் கதவு கதவாகத் திறந்து தேடினேன். இவர் சிரித்துக்கொண்டு நின்றார். குசினிக்கு முன்னால் சாப்பாட்டு மேசை போடுகிற மூலைதான் அந்த அரையாம். இது என்ன கோதாரிக் கணக்கு என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கு மகள் வேலை கிடைத்து ஜெனீவாவுக்குப் போய்விட்டாள். நாலரை அறைக்கும் நானும் இவரும் மட்டும். இவர் ஓர் அறையில் தும்மினால், "என்னப்பா சொன்னனியள்?" என்று நான் மற்ற அறையிலிருந்து கேட்கிறேன். அவ்வளவு வெறிச்சென்று கிடக்கிறது வீடு.

எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் வீடு இரண்டே அறை. அதில் ஒன்பது பேர் இருந்தோம். சொன்னால் மகள் நம்பமாட்டாள். "அம்மா, உங்கடை காலத்து ஆக்கள் எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுறவை" என்பாள். கூட்டவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் பத்தாவதாக ஒருவனும் இருந்தான். அவனுடைய கதை இந்த வயதில் திரும்பி வந்து என்னைச் சுடும் என்று நான் நினைக்கவில்லை.

கலியாணம் முடிந்து நாலாம் மாதம் இவர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு இங்கே வந்து அகதி வழக்குப் போட்டவர். இரண்டு வருடம் கழித்து நான் வந்து சேர்ந்தேன். "வீடு எடுத்திட்டன்" என்று கடிதத்தில் எழுதியிருந்தார். வீடு என்றால் வீடுதானே என்று நானும் நம்பிவிட்டேன். ஆராவ் ஸ்டேஷனிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து மூன்று மாடி ஏறினால், வாசலில் ஏழு சோடி ஆம்பிளைச் சப்பாத்து.

"உதென்ன, இது வீடோ மடமோ?" என்று படியில் நின்றபடியே கேட்டேன்.

இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பதில் இல்லாத நேரத்தில் எதையாவது தூக்குவது இவருடைய பழக்கம்.

உள்ளே குசினியில் ஒரு நீள வாங்கு, அதுதான் பெஞ்சு. யாரோ வேண்டாமென்று தெருவோரம் வைத்ததை அந்த வீட்டுப் பொடியள் தூக்கி வந்து சுவரோடு போட்டிருந்தார்கள். நாலு பேர் இருக்கும் வாங்கில் ஏழு பேர் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஏழு பேரும் கோப்பையோடு எழும்பப் பார்த்தார்கள். அவர்களுக்குள் மூத்தவர் ஒருவர், எல்லாருக்கும் அண்ணை, கையைக் காட்டி மறித்தார்.

"எழும்பாதேங்கோடாப்பா. பிள்ளை களைச்சு வந்திருக்குது. கொஞ்சம் அரக்கி இருங்கோ."

இந்தியத் தமிழர்கள் இதைத் 'தள்ளி உட்காருங்க' என்பார்கள். எங்களுக்குத் தள்ளுவது வேறு, அரக்குவது வேறு. தள்ளினால் ஆள் விழுந்துவிடலாம். அரக்குவதென்றால் எழும்பவும் வேண்டாம், விழவும் வேண்டாம். இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரு சாண் நகர்ந்தால் போதும். ஏழு பேரும் ஒரு சாண் நகர, வாங்கின் இந்தப் பக்கத்து நுனியில் எனக்கு ஓர் இடம் வந்தது. அழுதுவிடுவேன் என்ற பயத்தில் நான் சோற்றைக் குனிந்து பார்த்தபடியே சாப்பிட்டேன்.

ஓர் அறையை எங்கள் இருவருக்கும் ஒதுக்கிவிட்டு மற்ற அறையில் ஏழு பேரும் படுத்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களும் என்னை அக்கா என்றார்கள். குளியலறைக்கு வரிசை, கண்ணாடிக்கு வரிசை, தொலைபேசிக்கு வரிசை. நிலவறையில் ஒரே ஒரு உடுப்புத் தோய்க்கும் மெசின், அதன் திறப்பு, சாவிதான், வீட்டுக்கு வீடு மாறி இரண்டு கிழமைக்கு ஒரு நாள்தான் எங்கள் வீட்டுக்கு வரும். அந்த ஒரு நாளில் ஒன்பது பேருடைய உடுப்பும் தோய்த்துக் காயவேண்டும். சட்டைகள் எல்லாம் ஒரே கடையில் மலிவுக்கு வாங்கியவை, எது யாருடையது என்று தெரியாது. ஒரு தடவை அண்ணையின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு இவர் சாப்பாட்டுக்கடை வேலைக்குப் போய், இடுப்பைப் பிடித்தபடி ஒரு நாள் முழுக்கக் கோப்பை கழுவியிருக்கிறார். அன்று மாலை நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரி தடியால் கூரையை இடித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எப்படி என்று நான் படித்தது அந்த வீட்டில்தான். அந்தச் சிரிப்பு இல்லையே என்று இன்றைக்கும் மனம் ஏங்குகிறது. அப்படி நெருங்கி இனி யாரோடு இருக்கப் போகிறோம்?

பத்தாவது ஆள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் புட்டு அவித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் மணி. கையில் ஒரு பொலித்தீன் பையோடு ஒருவன், நனைந்து போய் நின்றான். யாரோ விலாசம் கொடுத்தார்களாம்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "இனி எங்கை, என்ரை தலையிலையோ இருத்துறது?" என்று அகப்பையோடு கேட்டேன். அவனுக்கும் கேட்கும்படிதான் கேட்டேன்.

அண்ணை என்னைப் பார்க்கவே இல்லை. வாங்கைப் பார்த்து, "அரக்குங்கோ" என்றார். அரக்கினார்கள். எங்கிருந்து வந்ததோ, இன்னோர் இடம் வந்தது.

ஆனால் நான் விடவில்லை. எங்கள் தபால்பெட்டியில் ஒன்பது பெயரும் துண்டுத் துண்டாக எழுதி ஒட்டியிருந்தது. இந்த நாட்டில் பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் உனக்குக் கடிதம் இல்லை, திரும்பிப் போய்விடும். அவன் தன் பெயரை எழுதிக்கொண்டு கீழே போக வெளிக்கிட்டபோது, நான் படியில் மறித்துக்கொண்டு நின்றேன். "பெட்டியிலை இடமில்லை. வீட்டுக்காரன் கண்டால் எல்லாரையும் கலைப்பான்" என்றேன். வீட்டுக்காரன் என்பது ஒரு சாட்டு. எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். அவன் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி மேலே ஏறினான். அவனுக்கும் வழக்குக் கடிதங்கள் வரவேண்டியிருந்தன. அவை எப்படியோ வந்துகொண்டுதான் இருந்தன. எப்படி வந்தன என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. அவன் வழக்கு வென்று, பிறகு ஜெனீவாப் பக்கம் போய், இன்றைக்கு வீடும் பிள்ளைகளுமாக இருக்கிறான். மகளுக்கு அங்கே வீடு தேடிக் கொடுத்ததும் அவன்தான். இன்றும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அந்தப் பழைய வீட்டைவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். இவர் அனுமதி கிடைத்தபின் ஐந்து வருடம் அல்ப்ஸ் மலையில் எங்கடின் பள்ளத்தாக்கில் ஹோட்டல் வேலைக்குப் போய்வந்தார். நான் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் வேலை. இந்த ஊருக்கு வந்தபின் ரயில் பாதையோரம் ஊர்ச்சபை வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் ஒன்று எனக்குக் கிடைத்தது. பதினேழு கோடை அதில் நின்றிருக்கிறேன். மே மாதத்தில் குளிர்க் காற்று கடைசியாக ஒருமுறை வந்து போகும்வரை பொறுத்திருந்து, பயித்தை, கத்தரி, மிளகாய், வெந்தயக் கீரை எல்லாம் நடுவேன். பாகலுக்கு மட்டும் இந்த நாட்டு வெயில் காணாது, போதாது. இருந்தாலும் வருடம் தவறாமல் போடுவேன். வீம்புதான்.

பக்கத்துத் துண்டு ஒரு சுவிஸ்காரியுடையது. வயதில் என்னைவிட மூத்தவள். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் 'டூ', ஜெர்மனில் 'நீ', சொல்லிக்கொள்ளும் சிநேகிதிகள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். முதல் வருடம் வேலியில் நின்று கதை கொடுத்தபோது, முன்பு எங்கே இருந்தாய் என்று கேட்டாள். தெருவைச் சொன்னேன். வீட்டு நம்பரையும் சொன்னேன். அவள் கையில் இருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஒன்பது பெயர்!" என்றாள். "ஒவ்வொன்றும் ரயில் நீளம்!"

அந்தத் தெருவுக்குத் தபால் போட்டவள் அவள்தான். அன்றிலிருந்து எனக்கு அவள் தபால்காரி. என் பயித்தங்கொடி வேலி தாண்டிப் போனால் அவள் பக்கத்தில் காய்ப்பதை அவள் பிடுங்குவாள், அவளுடைய ராஸ்பெரி இந்தப் பக்கம் சாய்ந்தால் நான். பதினாறு வருடம் இப்படித்தான் ஓடியது. என் மகளுக்குச் சைக்கிள் பழக்கியவளும் அவள்தான்.

ஒரு நாள் அவள் முகம் கறுத்து வந்தாள். தோட்டக் காணியில் நாலு மாடி வாடகை வீடுகள் கட்ட ஊர்ச்சபை யோசிக்கிறதாம். படம் கீறி முடித்து, ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுவர இரண்டு மூன்று வருடம் எடுக்குமாம். கூட்டத்தில் இந்த ஊர்ப் பிரஜைகள் கை உயர்த்தித்தான் ஓம் அல்லது இல்லை என்று முடிவு.

"உனக்கு வாய் இருக்கு. கை இல்லை" என்றாள் தபால்காரி. "பிரஜையாகு. எனக்கு உன்ரை கை வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் இந்த ஊர்க் கிழவன் கிழவிகளுக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்த கை, கை இல்லையாம். அன்றைக்கே விண்ணப்பம் எடுத்து வந்தேன். இவரையும் கேட்டேன்.

"எனக்கு இஞ்சை நிரந்தரமா இருக்கிற சி பெர்மிட் காணும்" என்றார் இவர். "நீர் போய்ச் சுவிஸ்காரியாகும். நான் சுவிஸ்காரியின்ரை புருஷனா இருக்கிறன்."

படிக்க ஒரு புத்தகம் தந்தார்கள். நாட்டின் புவியியல், வரலாறு, சமூகம். மேசையில் விரித்து வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல முணுமுணுத்துப் படித்தேன். இந்த நாடு சனநெருக்கம் கூடிய நாடு என்று முதல் பக்கங்களிலேயே போட்டிருந்தது. எனக்கு ஆச்சரியம். நெருக்கம் என்பது நாங்கள் பெட்டியோடு கொண்டுவந்த சாமான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். படத்தைப் பார்த்தபின்தான் விளங்கியது. வடக்கே யூரா மலை, தெற்கே அல்ப்ஸ். நடுவில் ஜெனீவாவிலிருந்து வடகிழக்கு ஏரி வரைக்கும் ஒரு கீலம் சமநிலம், அதில்தான் மூன்றில் இரண்டு பங்குச் சனமும். ரயிலில் போனால் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாதே, அது இதனால்தான். மலையில் பசுவுக்கு இருக்கிற இடம் எங்களுக்கு இல்லை. இவர் இடையில் புகுந்து, எங்கடினில் பெப்ரவரியில் பனிச்சறுக்க வருகிற கூட்டத்தால் கால் வைக்க இடமில்லை, மே மாதம் தனியாக நடந்தால் தன் சப்பாத்துச் சத்தம் தனக்கே கேட்கும் என்றார். பரீட்சை எனக்கு, விளக்கம் அவருக்கு.

வரலாற்றில் ஒரு பக்கம் என்னை நிறுத்திவிட்டது. பஞ்ச காலத்தில் இந்த நாட்டு ஏழைகள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். சில ஊர்ச்சபைகள் தங்கள் ஏழைகளைத் தாங்களே வழிச்செலவு கொடுத்து அனுப்பிவிட்டிருக்கின்றன, ஊரில் வாய் குறையட்டும் என்று. நான் புத்தகத்தை மூடி வைத்தேன். கப்பலில் ஏறிய அந்தப் பெண்கள் எந்தப் பெட்டியில் என்ன வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்போல இருந்தது.

நேர்முகம் ஊர்ச்சபைக் கட்டடத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மரியாதையான மனிதர்தான், ஆனால் வாய்க்குள் கதைப்பார். ஆறுகள் கேட்டார், சொன்னேன். அமைச்சர்கள் எத்தனை பேர் என்று கேட்டார், சொன்னேன். பிறகு ஏதோ கேட்டார், எனக்குச் 'சுவிஸ்' என்பதும் 'டிக்ட்' என்பதும்தான் காதில் விழுந்தன.

டிக்ட் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். எங்கள் குசினியில் கோப்பை கழுவும் மெசின் கதவுக்கு ரப்பர் தேய்ந்து, தண்ணீர் எப்போதும் தரையில் ஓடும். திருத்த வருகிறவன் மாதம் ஒருமுறை பார்த்து, "டிக்ட் இல்லை" என்று தலையாட்டிவிட்டுப் போவான். டிக்ட் என்றால் ஒழுகாதது.

சுவிஸ் ஒழுகாத நாடா என்று கேட்கிறார். இதென்ன கேள்வி என்று தோன்றியது. ஆனால் மலைநாட்டுக்காரர், தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்.

"இல்லை" என்றேன் துணிந்து. "கொஞ்சமும் டிக்ட் இல்லை. ஒரு பக்கத்தாலை ரைன் வடக்கே ஓடிப் போகுது. மற்றப் பக்கத்தாலை ரோன் ஜெனீவாவாலை பிரான்சுக்குப் போகுது. எங்கடின் தண்ணி கறுங்கடல் வரைக்கும் போகுதாம், என்ரை மனுசன் சொன்னவர். இஞ்சை விழுகிற தண்ணி எல்லாம் ஒழுகி வெளியிலைதான் போகுது. இதைப்போல ஒழுகிற நாட்டை நான் காணேல்லை."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஓரத்தில் இருந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள்: டிக்ட் என்றால் நெருக்கம் என்றும் பொருள், நாட்டில் சனம் நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"ஓ, அதுவோ!" என்றேன். வெட்கத்தில் ஜெர்மன் எல்லாம் மறந்துபோய், "ஓம், ஓம்" என்று தமிழில் தலையாட்டினேன். "அது எனக்கு நல்லாத் தெரியும்" என்பதை மட்டும் எப்படியோ ஜெர்மனில் சொல்லி முடித்தேன்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா! ஒரு ஆளைப் பாத்து 'முழுக்க டிக்ட் இல்லை' எண்டு சொன்னால் விசர், பைத்தியம் எண்டு அர்த்தம். நீங்கள் சுவிஸுக்கே விசர் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள்!"

ஆனாலும் பரீட்சையில் சித்தியடைந்தேன். கொஞ்சக் காலத்தில் கையில் சிவப்புப் பாஸ்போட் வந்தது. இந்த நாட்டுப் பாஸ்போட்டில் பிறந்த இடம் போடுவதில்லை, சொந்த ஊர் என்று ஒன்று போடுவார்கள். எனக்கு இந்த ஊரையே போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆள் இன்னோர் ஆளைக் கண்டால் முதல் கேட்பதே 'எந்த ஊர்?' என்றுதான். இவர் பாஸ்போட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனி நீர் ஊர் ஆள். நான்தான் வந்தான் வரத்தான்" என்றார். தபால்காரி தோட்டத்தில் ஒரு கேக் வெட்டினாள். என் வலது கையைப் பிடித்து உயர்த்தி, "இதோ, கை வந்துவிட்டது" என்று ரயிலில் போனவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

ஊர்க்கூட்டம் நவம்பர் மாதத்து மாலை, பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில். அன்றைக்குப் போல சனம் வந்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். வாக்கு இல்லாதவர்களுக்கு ஓரத்தில் தனி நாற்காலி. இவரும் அங்கே இரண்டு மூன்று பேரோடு, காட்சிக்கு வைத்தது போல இருந்தார். மற்ற நாற்காலிகள் தீர்ந்து, உடற்பயிற்சி வாங்குகளை இழுத்துப் போட்டார்கள். நானும் தபால்காரியும் ஒரு வாங்கில். நகத்தில் தோட்டத்து மண் போகாமல் இருந்தது, கையைச் சட்டைக்குள் இழுத்து வைத்திருந்தேன். இல்லை என்பதற்குக் கை உயர்த்தத்தான் இத்தனை வருடம் பாடுபட்டேன். பயித்தைக்கும் பாகலுக்கும் இவளுக்குமாக அந்தக் கையைச் சூடாக வைத்திருந்தேன்.

தலைவர் கதைக்கத் தொடங்கியபின் இளம் சோடி ஒன்று ஓடி வந்தது. அவள் மார்போடு ஒரு குழந்தையைக் கட்டியிருந்தாள். எங்கள் வாங்கின் ஓரத்தில் நின்று, மெதுவாக, "எக்லி ருட்சே?" என்று கேட்டாள்.

கொஞ்சம் அரக்கி இருக்கிறீர்களா என்பதற்கு இந்த நாட்டுப் பேச்சு. முதலில் அரக்கியது தபால்காரிதான். அவள் அரக்க நான் அரக்க, வாங்கு முழுக்க ஒரு சாண் நகர்ந்தது. இரண்டு பேருக்கும் இடம் வந்தது. குழந்தை என் தோளில் காலால் உதைத்தது.

பிறகு வாதம். ஒருவர் எழும்பி, ஊர் நிறைந்துவிட்டது என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எங்கள் பக்கத்து ஆள்தானே. அதன்பின் தபால்காரி ஒலிவாங்கிக்குப் போனாள். தோட்டத்தைப் பற்றி வடிவாகச் சொன்னாள், அவளுடைய முள்ளெலியைப் பற்றி, என்னுடைய பயித்தையைப் பற்றிக்கூட. எனக்குக் கண் கலங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"ரயிலில் இடமில்லை. டாக்டரிடம் இடமில்லை. பள்ளிக்கூடத்தில் இடமில்லை" என்றாள். "இன்னும் எத்தனை பேர் வருவார்கள்? எப்போதாவது ஒருநாள் காணும், போதும் என்று சொல்லத்தானே வேண்டும்?"

மண்டபம் அதிரக் கைதட்டல். பக்கத்தில் குழந்தைக்காரி தட்டவில்லை. தன் புருஷனுக்கு மெதுவாக, "அப்ப நாங்கள் எங்கே போவது?" என்றாள். ஒரு வருடமாக வீடு தேடுகிறார்களாம், பெற்றோர் வீட்டு அறை ஒன்றில் மூன்று பேரும்.

தபால்காரி திரும்பி வந்து இருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் முழங்காலில் தட்டி, "உன்னைச் சொல்லவில்லை. நீ எங்கள் ஆள்" என்றாள்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் ஆளாம்! நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நன்றாகக் கேட்டுவிடலாம் என்று. ஆனால் கேட்க வாயெடுத்த அந்த நேரம் எனக்கு முன்னால் வந்து நின்றது அகப்பையோடு நிற்கிற நான்தான். இனி எங்கை, என்ரை தலையிலையோ? நான் ஒன்பதாவது ஆளாக வந்து, எனக்கு அரக்கித் தந்த வாங்கில் இருந்துகொண்டு, பத்தாவது ஆளுக்கு இடமில்லை என்று சொன்னவள். இவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

"கட்டச் சம்மதிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார் தலைவர்.

என் கை உயர்ந்தது. நான் உயர்த்தினேன் என்றுதான் சொல்லவேண்டும், தானாக உயர்ந்தது என்று சாட்டுச் சொல்லமாட்டேன். ஓரத்தில் இவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறவர் வரிசை வரிசையாக விரல் காட்டி எண்ணிக்கொண்டு வந்தார், என் நகத்து மண்ணையும் எண்ணிக்கொண்டு போனார். தபால்காரி என் கையைப் பார்த்தாள். பிறகு நேராக முன்னால் பார்த்தாள்.

கொஞ்சக் கை வித்தியாசத்தில் கட்டுவது என்று முடிவானது. அவள் பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

அடுத்த கோடைதான் கடைசிக் கோடை என்று கடிதம் வந்தது. அந்தக் கோடை முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. வணக்கம் சொன்னேன், குழாயைத் திறந்தாள். என் பயித்தை எப்போதும் போல வேலி தாண்டிப் போய் அவள் பக்கம் காய்த்தது. அவள் பிடுங்கவில்லை. காய் முற்றி, காய்ந்து, அப்படியே தொங்கியது. தோட்டம் போகிறதே என்று நான் அழவில்லை. அந்தக் காய்ந்த காய்களைப் பார்த்துத்தான் அழுதேன். இவர், "போய் மன்னிப்புக் கேளுமன்" என்றார். "எதுக்கு? நான் பிழை செய்யேல்லை" என்று கத்தினேன். பிழை செய்யாமலும் ஒரு ஆளை இழக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வருடம்தான், அதிசயம்போல, பாகல் காய்த்தது. மூன்று காய்.

ஒக்டோபர் கடைசியில் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள். தடிகளைப் பிடுங்கிக் கட்டி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தபால்காரி தன் கொட்டிலுக்கு முன்னால், மரவாங்கின் நட்டநடுவில் இருந்தாள். பக்கத்தில் இரண்டு பெட்டி. அவ்வளவு சின்னதாக அவளை நான் கண்டதில்லை. என் பையில் ரொட்டியும் பாகற்காய்ப் பொரியலும் இருந்தன. வேலிக் கதவைத் திறந்துகொண்டு போய் அவளுக்கு முன்னால் நின்றேன். கோடை முழுக்க மனதுக்குள் ஜெர்மனில் ஒரு பேச்சே தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு சொல் வரவில்லை. வந்தது இதுதான்:

"கொஞ்சம் அரக்கி இருங்கோ."

தமிழில் சொல்லிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். என்ன விளங்கியதோ, ஒரு சாண் நகர்ந்தாள்.

இருந்தேன். ஒரு ரயில் போனது. ரொட்டியைப் பிய்த்து நீட்டினேன், வாங்கினாள். பாகற்காயைக் கடித்து முகத்தைச் சுளித்தாள், ஆனால் துப்பவில்லை.

"அந்த ஒன்பது பெயர் வீட்டில் எத்தனை அறை?" என்று கேட்டாள்.

"இரண்டு" என்றேன். "ஆனால் ஒன்பது இல்லை. பிறகு பத்து."

"தெரியும்" என்றாள். "பத்தாவது பெயர் பெட்டியில் இல்லை. ஆனால் கடிதம் வந்தது, அரசாங்கக் கடிதம். சட்டப்படி திருப்பி அனுப்பவேண்டும். அனுப்பினால் அந்த மனிதனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்தானே. ஒன்பது பேர் இருக்கிற இடத்தில் இன்னும் ஒருவன் இருப்பான் என்று போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் போட்டேன்."

கையில் இருந்த ரொட்டியை மடியில் வைத்தேன். இடமில்லை, காணும் என்று மண்டபத்தில் சொன்னவள் இவள். அவனுக்கு இடம் விட்டவளும் இவள்தான். நான் கை உயர்த்தியதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. ஒரு வருடமாகப் பொத்தி வைத்திருந்த அந்தப் பெருமை அந்த வாங்கில் கரைந்து போனது.

"அந்தப் பெயரை ஒட்டவிடாமல் மறித்தது நான்தான்" என்றேன். "இடமில்லை எண்டு சொன்னனான்."

அவள் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். நீளப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"நீ முழுக்க டிக்ட் இல்லை" என்றாள்.

"ஓம்" என்றேன். மிச்ச ரொட்டியை இரண்டாகப் பிய்த்தோம்.